டெலிகாலர் வேலை: ஏளனமும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்

"டிகிரி முடிச்சிட்டு டெலிகாலராவா போற?" நம்மூர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. லோன், கிரெடிட் கார்டு, இன்சூரன்ஸ், பிளாட் என்று போனில் விற்பவர்கள் என்றாலே எல்லோருக்கும் ஒரு இளக்காரம்தான். ஏன், அதுவும் ஒரு தொழில் இல்லையா?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடையில் விற்பவருக்கு முகம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, எடுத்துக் காட்டப் பொருள் இருக்கிறது. டெலிகாலருக்கு இருப்பது குரல் மட்டும்தான். எதிர்முனையில் இருப்பவர் பைக்கில் போகிறாரா, சாப்பிடுகிறாரா, ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா என்று தெரியாது. ஒருவரிடம் திட்டு வாங்கிய அடுத்த நிமிடமே இன்னொரு நம்பருக்கு, குரலில் அந்தக் கசப்பு தெரியாமல் "வணக்கம் சார்" சொல்ல வேண்டும். மறுப்பைத் தாங்குவதும், கேட்கிற காதும், சுருக்கமாகப் பேசுவதும் எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடங்கள். இவற்றைக் கற்றுக்கொண்டவர் டீம் லீடர் ஆகலாம், டிரெய்னர் ஆகலாம், சொந்தத் தொழிலும் தொடங்கலாம்.

அப்படியானால் யார் கூப்பிட்டாலும் போய்ச் சேர்ந்துவிடலாமா? கூடாது!

தொல்லை அழைப்புகளைக் கட்டுப்படுத்த 2007-லேயே 'அழைக்க வேண்டாம்' பதிவேடு வந்துவிட்டது. 2010-லும் 2018-லும் டிராய் விதிகளை இன்னும் இறுக்கியது. பதிவு செய்த நிறுவனம்தான் விற்பனைக்காக அழைக்கலாம். அதற்கென 140-ல் தொடங்கும் எண்கள் தனியாக இருக்கின்றன. சாதாரண 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து விற்பனை அழைப்பு செய்வது விதிமீறல்.

ஆனால் சில சின்ன ஆபீஸ்களில் நடப்பது என்ன? "உன் போன்லயே பேசு, ரீசார்ஜ் நாங்க போட்டுடறோம்" என்கிறார்கள். வேலைக்குப் புதிதாக வந்த பையனும் பெண்ணும் தலையாட்டி விடுகிறார்கள். புகார்கள் குவிந்தால், 2025-ல் திருத்திய விதிப்படி முதல் முறை 15 நாளுக்கு அந்த எண்ணிலிருந்து யாரையும் அழைக்க முடியாது. மறுபடியும் மாட்டினால் அவர் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். பேங்க் ஓடிபி வருவதும், இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவதும் அந்த நம்பருக்குத்தானே? முதலாளி அடுத்த ஆளை எடுத்துக்கொள்வார். நம்பரை இழப்பது அந்தப் பையன்தான்.

ஆகவே சேருவதற்கு முன் நாலு கேள்வி கேட்பது நல்லது. கம்பெனி டெலிமார்க்கெட்டராகப் பதிவு செய்திருக்கிறதா? யாருடைய நம்பரிலிருந்து அழைக்க வேண்டும்? கஸ்டமர் நம்பர்கள் எங்கிருந்து வருகின்றன? இன்சென்டிவ் போக நிலையான சம்பளம் எவ்வளவு, அது ஆர்டரில் எழுதப்பட்டிருக்கிறதா?

ஒழுங்காகப் பதில் சொல்லும் இடத்தில் தாராளமாகச் சேரலாம். அங்கே இரண்டு வருடம் பேசிப் பழகியவருக்குப் பிறகு எந்த இன்டர்வியூவும் பயமாக இருக்காது. "அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா?" என்று கேட்கும் இடத்திலிருந்து மட்டும் உடனே எழுந்து வந்துவிட வேண்டும்.