12 பேருக்கு அந்தப் பிள்ளை எங்கே போகும்?



"நம்ம பசங்க போன்ல விளையாடத்தான் லாயக்கு, ஒரு விளையாட்டை உருவாக்கத் துப்பில்லை" என்று ஒரு கல்யாண வீட்டில் பேச்சு. உருவாக்கினால் மட்டும் சுலபமாக வெளியிட முடிகிறதா?

கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க 25 டாலர். போகட்டும், ஒருமுறை கட்டுவதுதான். ஆனால் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், இலவச விளையாட்டே ஆனாலும், அதன் சோதனைப் பதிப்பில் 12 பேர் சேர்ந்து 14 நாள் விலகாமல் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். முதலில் 20 பேர் என்றிருந்தது. 2024 டிசம்பரில்தான் 12 ஆனது. நிறுவனக் கணக்குக்கு இந்த நிபந்தனையே கிடையாது!

தரம் பார்க்கிறார்களாம். பரீட்சை வைப்பதை வாத்தியார் நான் குறை சொல்வேனா? விடைத்தாளைத் திருத்தும் முன்பே, கூட எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது என்ன பரீட்சை? காசு வாங்கிக்கொண்டு ஆள் சேர்த்துத் தருகிறவர்கள் முளைத்துவிட்டார்கள். சென்னையில் ஆபீஸ் நண்பர்கள் உள்ளவருக்கு ஒரே மெசேஜில் வேலை முடியும். போளூர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு? வீட்டில் அப்பாவிடம் இருப்பது பட்டன் போன்.

நம்மையும் சொல்ல வேண்டும். அழைப்பு லிங்க் வந்தால் "வைரஸா இருக்கும்" என்று அழிப்பவர்கள் என் நட்பு வட்டத்திலேயே உண்டு. தெரிந்த பிள்ளை அனுப்பினால் போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சேருங்கள். கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலில் நடக்கிறோம். இதற்கு விரலை அசைத்தால் போதும்.

விளையாட்டு செய்கிற பிள்ளைகள் கீழே எழுதுங்கள். என் ஜிமெயிலை முதல் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் 11 பேர் வேண்டும்.