ஒப்புதல் என்னும் பெயரில்

காஞ்சிபுரத்துக்குப் போய்ப் பட்டெடுப்பவர்கள் கடைக்குப் போவார்கள். கடை அவர்கள் பின்னால் வருவதில்லை. இணையத்தில் அப்படியல்ல. நம் குழு நண்பர் ஒருவர், தங்கையின் திருமணத்துக்காகத் தளமொன்றில் அரக்கு நிறக் கோர்வைச் சேலை ஒன்றைப் பார்த்தார். வாங்கவில்லை. அடுத்த பத்து நாட்களும் செய்தியைத் திறந்தாலும் சமையற்குறிப்பைத் திறந்தாலும் அதே அரக்குச் சேலை அவர்முன் வந்து நின்றது.

இது குக்கியின் வேலை. 1994இல் நெட்ஸ்கேப்பின் லூ மோன்டுல்லி இதை வடிவமைத்தபோது, வாங்குபவர் கூடையில் இட்டதைக் கடைத்தளம் மறவாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். விளம்பர நிறுவனங்கள்தாம் அதைத் தளத்துக்குத் தளம் தொடரும் ஒற்றனாக்கின.

கேட்டால், ‘நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்’ என்கிறார்கள். திரையின் அடியில் ஒரு பட்டை. ஏற்பதற்குப் பெரிய பொத்தான், மறுப்பதற்கு மூன்று திரைகள் தாண்ட வேண்டும். சேலையின் சரிகை, முந்தானை, விலை அனைத்தும் அழகு தமிழில். ஒப்புதல் மட்டும் ஆங்கிலத்தில்! விற்பதற்கு வேண்டிய தமிழ், எச்சரிப்பதற்கு வேண்டாமாம். இதை ஒப்புதல் என்றழைக்க நாம் மறுக்கிறோம். முன்கூட்டியே குறியிட்ட கட்டம் ஒப்புதலாகாது என்று 2019 அக்டோபரிலேயே ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஏற்பதைப்போல் மறுப்பது எளிதாக இல்லை என்பதற்காக கூகுளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்திருப்பதாக 2022 ஜனவரியில் பிரான்ஸின் தரவுக் காப்பு ஆணையம் அறிவித்தது.

இங்கே? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமித்துச் சொன்னார்கள். சட்டம் வர 2023 ஆயிற்று. ஒப்புதல் கோரும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்க அது வழிசெய்கிறது, நல்லது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் அறிவிப்பு, ஒப்புதல் பற்றிய கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ளும் கதவையும் அரசு அதே சட்டத்தில் திறந்து வைத்திருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் குடவோலை விதிகளைக் கோயிற்சுவரில் வெட்டி வைத்தார்கள். அது பிராமணர் சபை, எல்லோருக்கும் அங்கே இடமில்லை என்பதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் கணக்குக் காட்டாதவர் வாரியத்துக்கு வரலாகாது என்பதை ஒளிக்காமல் கல்லில் எழுதினார்கள். நம்மைப் பற்றிக் கணக்கெழுதுகிறவர்களோ அந்தக் கணக்கை நமக்குக் காட்டுவதேயில்லை.

காஞ்சிக் கடைக்காரர்கள் அவகாசம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சேலையைப் பற்றி எழுதிய அதே கையால், யார் யார் நம்மைத் தொடர்கிறார்கள் என்று தமிழில் இரண்டு வரி எழுதலாம். ‘மறுக்கிறேன்’ என்ற பொத்தானை மற்றதன் அளவிலேயே பக்கத்தில் வைக்கலாம்.