பணி முடியும் நாள் எங்கே?

"ஏன் தம்பி, நீ இன்ஜினியருக்குத்தானே படிக்கிற? இந்த ரோடு எப்ப முடியும்னு சொல்லு பாப்போம்."

டீக்கடை அக்கா கேட்டாங்க. வாயில பஜ்ஜியை வச்சுக்கிட்டு முழிச்சேன். மூணு வருஷமா சிவில் படிக்கிறேன். கான்க்ரீட் எத்தனை நாள்ல எவ்வளவு வலு பிடிக்கும்னு கேட்டா சொல்லிடுவேன். என் கண்ணு முன்னாடி தோண்டிப் போட்ட ஒரு முக்கு ரோடு எப்ப முடியும்னு கேட்டா பதில் இல்லை. எனக்கு மட்டும் இல்லை. அங்க வேலை பார்த்த மேஸ்திரிக்கும் தெரியலை, பஸ் கண்டக்டருக்கும் தெரியலை.

எனக்கு ஊர் குரும்பலூர். பெரம்பலூர்ல இருந்து துறையூர் போற ரோட்டுல இருக்கிற பேரூராட்சி. நம்ம பெரம்பலூர் டவுனுக்கு ரயில் கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். ரயில் ஏறணும்னா அரியலூருக்கோ திருச்சிக்கோ போகணும். அதனால எங்களுக்கு எல்லாமே ரோடுதான். காலேஜுக்குப் போறது, ஆஸ்பத்திரிக்குப் போறது, சின்ன வெங்காயத்தை மண்டிக்குக் கொண்டு போறது எல்லாம் அதுலதான். கரும்பு டிராக்டரும் ஸ்கூல் வேனும் டவுன் பஸ்ஸும் டிவிஎஸ் எக்ஸெலும் ஒரே தார் ரோட்டுல ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டுப் போகும். அதுல ஒரு முக்குல வேலை நின்னா, ஊர்ல பாதி வேலை நின்னுடும்.

நான் சொல்ற முக்கு ரோடு பேரை எழுதப் போறதில்லை. எழுதினா "ஓ, அந்த இடத்துப் பிரச்சினையா"ன்னு நீங்க கடந்து போயிடுவீங்க. உங்க ஊர்லயும் கண்டிப்பா ஒண்ணு இருக்கும். சிறுபாலத்துக்குன்னு ஒரு பக்கம் தோண்டினாங்க. கம்பி கட்டினாங்க. ஜல்லி கொட்டினாங்க. அப்புறம் ஒரு நாள் பொக்லைன் போச்சு, ஆளுங்களும் போனாங்க. ரெண்டு மழைக்காலம் வந்து போயிடுச்சு. நீட்டிக்கிட்டு இருந்த கம்பி துருப்பிடிச்சு, குழியில தவளை கத்திக்கிட்டு இருக்கு. சுத்தி நாலு டிரம், அதுல ரெண்டு சாஞ்சு கிடக்கு. ஒரு கயிறு, அதுல சிவப்புத் துணி.

போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியப்பா ராத்திரி எட்டு மணிக்கு டிவிஎஸ்ல வந்து அந்தக் குழியில விழுந்தார். கால் எலும்பு முறிஞ்சு போச்சு. மூணு மாசம் படுக்கை. அந்த சீசன் வெங்காயத்தைப் பாதி விலைக்கு வித்தாங்க. ஆனா எனக்கு இன்னைக்கும் மனசுல நிக்கறது ஊர் சொன்ன வார்த்தைதான். "இருட்டுல பாத்துப் போயிருக்கக் கூடாதா?" குழி தோண்டினவங்களை யாரும் கேட்கலை. விழுந்தவரைத்தான் கேட்டாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அதை ஒத்துக்கிட்டுத்தான் இதை எழுதறேன்.

தாமதம் ஏன் வருது?

நம்ம பசங்க கிட்ட கேட்டா ஒரே பதில்தான்: "எல்லாம் கமிஷன் மச்சி." அது ஒரு காரணமா இருக்கலாம். ஆனா அதை மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா, நாம நாலு வருஷம் படிக்கிறதுக்கு அர்த்தம் இல்லை.

ஒரு ரோடு வேலைக்கு முதல்ல மதிப்பீடு போடணும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவுன்னு வரிசையா வரணும். அதுக்கப்புறம் தோண்டினா, அடியில குடிநீர்க் குழாய் இருக்கும், போன் கேபிள் இருக்கும், ஓரத்துல மின்கம்பம் இருக்கும். ஒவ்வொண்ணும் ஒரு துறை. குழாயை மாத்த ஒருத்தர், கம்பத்தை மாத்த இன்னொருத்தர், அதுக்குப் பணம் கட்ட வேண்டியவர் மூணாவது ஆள். இடையில நிலம் யாருதுன்னு ஒரு கேள்வி வந்தா, அதோட முடிஞ்சது.

இதுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். திருச்சி ஜங்ஷன் மேம்பாலம் ஞாபகம் இருக்கா? பெரம்பலூர்ல பஸ் ஏறி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்குப் போன எல்லாருமே மன்னார்புரம் பக்கம் அந்தரத்துல நின்ன பாலத்தைப் பார்த்திருப்பீங்க. 2014-ல வேலை ஆரம்பிச்சது. மத்த பக்கத்துக் கைகள் எல்லாம் முடிஞ்சு வண்டி ஓட ஆரம்பிச்ச பிறகும், மன்னார்புரம் பக்கம் இறங்க வேண்டிய கை மட்டும் பாதியில நின்னுது. காரணம், இறங்க வேண்டிய இடத்துல இருந்த பாதுகாப்புத் துறை நிலம். எவ்வளவு தெரியுமா? ஒரு ஏக்கர் கூட இல்லை. அந்தத் துண்டு நிலத்துக்கு அனுமதி வாங்க வருஷக்கணக்காச்சு. 2022-ல அனுமதி கிடைச்சு, 2023-லதான் அந்தக் கை திறந்தது. நான் ஸ்கூல்ல படிக்கும்போது ஆரம்பிச்ச பாலம், நான் காலேஜுக்கு வர்ற வயசுலதான் முடிஞ்சது.

இன்னும் பெருசா வேணும்னா சென்னையில மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலை. 2009 ஜனவரியில அடிக்கல் நாட்டினாங்க. கூவத்தோட நீரோட்டத்தைப் பாதிக்கும்னு சொல்லி 2012-ல மாநில அரசு வேலையை நிறுத்தினது. ஆத்துல தூணுங்க மட்டும் வருஷக்கணக்கா நின்னுச்சு. திட்டத்தை ரெண்டு அடுக்குப் பாலமா மாத்தி, 2022 மே மாசம் மறுபடி அடிக்கல் நாட்டினாங்க. ஒரே ரோட்டுக்கு ரெண்டு அடிக்கல், நடுவுல 13 வருஷம்.

இந்த ரெண்டுலயும் இன்ஜினியரிங் தோத்துப் போகலை. ஒரு இடத்துல நிலம் கைக்கு வராமலே பாலத்தைக் கட்ட ஆரம்பிச்சாங்க. இன்னொரு இடத்துல தூண் நட்ட பிறகு தடத்தைப் பத்தி வாக்குவாதம் நடந்தது. அதாவது, முதல்ல முடிக்க வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிட்டாங்க. எங்க ஊரு சிறுபாலத்துலயும், ஊர்ல பேசிக்கிறதை வச்சுப் பார்த்தா, தோண்டின பிறகுதான் அடியில குழாய் இருக்கிறதே தெரிஞ்சிருக்கு.

சரி, தாமதத்தைத் தவிர்க்கவே முடியாதுன்னு சொல்லிடலாமா? அதுவும் முடியாது. 2024 ஜனவரியில திருச்சி ஜி கார்னர் பாலத்துல தடுப்புச் சுவர் வெளிய தள்ளிக்கிட்டு வந்துச்சு. சென்னை - திருச்சி நெடுஞ்சாலை, நின்னா நாடே பார்க்கும். உடனே போக்குவரத்தைத் திருப்பி விட்டாங்க, நிபுணர்கள் வந்தாங்க, சில மாசத்துல சரி பண்ணிட்டாங்க. அவசரம்னு நினைச்சா செய்ய முடியும். எங்க முக்கு ரோடு யாருக்கும் அவசரமாப் படலை, அவ்வளவுதான்.

காத்திருக்கும் ரோடு சும்மா இருக்காது

இதை சிவில் பசங்க கவனமாப் படிங்க. பாதியில நிக்கற ரோடு, நிப்பாட்டி வச்ச சினிமா மாதிரி இல்லை. மறுபடி பிளே அமுக்கினா விட்ட இடத்துல இருந்து ஓடாது.

ஜல்லிக் கலவையை ஈரப்பதத்தோட பரப்பி ரோலர் ஓட்டுவோமே, வெட் மிக்ஸ் மெக்கடம், அதுமேல சீக்கிரமே தார் அடுக்கு வரணும். வராம வண்டி ஓட ஆரம்பிச்சா, நுண்பொடி எல்லாம் தூசியாப் பறக்கும், ஜல்லி தனியாக் கழண்டு ஓரத்துக்குப் போகும். அந்தத் தூசி டீக்கடை அக்காவோட பால் சட்டியில விழும். அந்த ஜல்லியில பைக் சறுக்கும். குழாய் போட்ட பள்ளத்தை அடுக்கடுக்கா மண் போட்டு இறுக்காம மொத்தமாத் தள்ளி மூடினா, முதல் மழையில உள்வாங்கிடும். திறந்து கிடக்கிற கம்பி துருப்பிடிக்கும். அதைச் சுத்தம் பண்ணாமலே கான்க்ரீட் போட்டா, கான்க்ரீட்டும் கம்பியும் சரியா ஒட்டாது.

ஆக, தாமதம்னா வெறும் நாள் கணக்கு இல்லை. செஞ்ச வேலையே கெட்டுப் போகுது. திரும்பச் செய்யணும், இல்லைன்னா கெட்டதுமேலயே பூசி மூடணும். ரெண்டுல எது நடக்கும்னு உங்களுக்கே தெரியும்.

நான் கேட்கிறது மூணே மூணு

ரோடு நாளைக்கே முடியணும்னு நான் கேட்கலை. நியாயமான காரணம் இருந்தா இன்னும் ஆறு மாசம் ஆகட்டும். ஆனா மூணு விஷயத்துக்கு எந்த நிலமும் எந்த டெண்டரும் தடை இல்லை.

ஒண்ணு, ஒரு போர்டு. என்ன வேலை, எவ்வளவு பணம், யார் செய்றாங்க, எப்ப ஆரம்பிச்சது, எப்ப முடியும், தள்ளிப் போனா ஏன் தள்ளிப் போச்சு. தமிழ்ல, படிக்கிற அளவு எழுத்துல. எங்க முக்குல ஒரு போர்டு இருக்கு. அதுல "பணி முடியும் நாள்" என்ற இடத்துக்கு எதிர்ல ஒண்ணுமே எழுதலை.

ரெண்டு, ராத்திரியில கண்ணுக்குத் தெரியற தடுப்பு. வேலை நடக்கிற இடத்துல எவ்வளவு தூரத்துக்கு முன்னாடியே எச்சரிக்கைப் பலகை வைக்கணும், எப்படி ஒளிரணும், பாதை எப்படிச் சுருங்கணும்னு இந்தியச் சாலை காங்கிரஸ் தனியா ஒரு வழிகாட்டி நூலே போட்டிருக்கு. ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55. அதுல கயிறும் சிவப்புத் துணியும் போதும்னு சொல்லலை.

மூணு, நடக்கறவங்களுக்கும் பஸ்ஸுக்கும் ஒழுங்கான மாற்றுப் பாதை. பஸ் இப்ப முக்குக்கு முன்னாடியே நின்னுடுது. மிச்ச தூரத்தைப் பாட்டிங்க மூட்டையோட சேத்துல நடந்து கடக்கறாங்க.

இது ஒண்ணும் ஆடம்பரம் இல்லை. மத்திய அரசோட கணக்குப்படி 2022-ல தமிழ்நாட்டுல நடந்த சாலை விபத்து 64,105. இந்தியாவுலயே அதிகம். செத்தவங்க 17,884 பேர். அந்தக் கணக்குல எங்க பெரியப்பா மாதிரி ஆளுங்க வரவே மாட்டாங்க, ஏன்னா அவர் போலீஸுக்கே போகலை.

போயிருக்கலாம். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்ப 198ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. ரோட்டை வடிவமைக்கிறதுலயோ கட்டுறதுலயோ பராமரிக்கிறதுலயோ விதிச்ச பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாம, அதனால உயிர் போனாலோ உடல் ஊனமானாலோ, பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் இவங்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஹெல்மெட் ஃபைன் நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். இந்தப் பிரிவை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கோம்?

நாம என்ன பண்ணலாம்?

நான் இதுவரைக்கும் பண்ணது சொல்லவா? குழியை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். "எங்க ஊரு நீச்சல் குளம்". நாப்பது பேர் சிரிச்சாங்க. அவ்வளவுதான். இன்னொண்ணும் பண்ணேன்: லேட்டானப்ப எல்லாம் ராங் சைடுல புகுந்து போனேன். எதிர்ல வந்த ஸ்கூல் வேன்காரர் திட்டினது சரிதான்.

இப்ப வேற வழி ஒண்ணு சொல்றேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்தான் கட்டணம். முப்பது நாள்ல பதில் தரணும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா அதுல பிரிவு 2(ஜே)-யைப் படிச்சுப் பாருங்க. காகிதம் மட்டும் இல்லை, நடக்கிற வேலையையே நேர்ல பார்வையிடவும், பயன்படுத்தின பொருளோட சான்றளிக்கப்பட்ட மாதிரி வாங்கவும் ஒரு குடிமகனுக்கு உரிமை இருக்குன்னு அது சொல்லுது. சாதாரண ஆளுக்கு அந்த மாதிரியை வாங்கி என்ன செய்றதுன்னு தெரியாது. நமக்குத் தெரியும். நம்ம லேப்ல மெஷின் இருக்கு.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு சீனியர் ரிப்போர்ட்டைத் தூசி தட்டி, அட்டையை மட்டும் மாத்திக் கொடுக்கிறோமே, அதுக்குப் பதிலா நாலு பேர் ஒரு முக்குல மூணு நாள் உக்காந்து வண்டி எண்ணலாம். வேலை நின்னதால ஒரு பஸ்ஸுக்கு எத்தனை நிமிஷம் போகுதுன்னு அளக்கலாம். அந்தத் தாளைப் பேரூராட்சிக் கூட்டத்துலயோ கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாள்லயோ கொடுத்துப் பாருங்க. "ரோடு சரியில்லை சார்"னு சொல்றதுக்கும், நிமிஷக் கணக்கோட ஒரு தாள் நீட்டறதுக்கும் வித்தியாசம் இருக்கு. முதலாவதைப் புலம்பல்னு தள்ளிடலாம், ரெண்டாவதுக்குப் பதில் எழுதித்தான் ஆகணும்.

கடைசியா ஒண்ணு. இன்னும் அஞ்சு வருஷத்துல நம்மள்ல சில பேர் ஏதோ ஒரு துறையில உதவிப் பொறியாளரா இருப்போம். சில பேர் கான்ட்ராக்டர் கிட்ட சைட் இன்ஜினியரா இருப்போம். அளவுப் புத்தகத்துல கையெழுத்து நாமதான் போடுவோம். அன்னைக்கு நாலு டிரம்மும் ஒரு கயிறும் போதும்னு நமக்கும் தோணலாம். மேலதிகாரி அவசரப்படுத்துவார், பில் நிக்கும், நமக்கும் வீட்டுக்குப் போகணும். அப்ப பெரியப்பாவோட கால் ஞாபகம் வரணும்.

போன வாரம் நானும் என் ரூம்மேட்டும் ஆர்.டி.ஐ. மனு எழுதித் தபால்ல போட்டுட்டோம். அஞ்சு கேள்வி. முதல் கேள்வி, பணி முடியும் நாள் எது? ரெண்டாவது கேள்வி, அதை ஏன் போர்டுல எழுதலை? பதில் வரலாம், வராமலும் போகலாம். வரலைன்னா மேல்முறையீடு போடுவோம்.

டீக்கடை அக்கா கிட்ட விஷயத்தைச் சொன்னேன். "முப்பது நாளா? சரி, எண்ணிக்கிட்டு இருக்கேன்"னு சொல்லி, பால் சட்டியை மூடி வச்சாங்க. எதிர்ல ஒரு டிப்பர் லாரி போச்சு.