காமிரா வாங்கப் போகிறீர்களா?

சென்ற மாதம் மணிமுத்தாறு அணைக்கரையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியைச் சந்தித்தேன். நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்வந்தது முதல் பறவைகளைப் படமெடுக்கும் ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது. (தாமிரபரணிப் பாசனக் குளங்களில் இக்கணக்கெடுப்பு 2011-இல் தொடங்கியது.) பிசான நெல் விற்ற பணத்தில் காமிரா வாங்கித் தருவதாக அவள் அப்பா சொல்லியிருக்கிறார்.

"சார், இருபது மெகா பிக்சல் காமிராவும் இருக்கு, ஐம்பது மெகா பிக்சல் போனும் இருக்கு. ஐம்பதுதானே நல்லது?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். ஏன் என்று நீங்களும் கேட்பீர்கள் அல்லவா?

அந்தக் காலத்தில் பிலிம் இருந்த இடத்தில் இன்று ஒரு சிறிய சிலிக்கான் தகடு இருக்கிறது. ஒளி பட்டால் அதில் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவற்றை அளந்துதான் காமிரா படத்தை உருவாக்குகிறது. தகடு முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்டம் ஒரு பிக்சல்; பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு மெகா பிக்சல். 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் காமிராவில் இருந்தவை பத்தாயிரம் பிக்சல்களே. ஒரு படம் நாடாவில் பதிய 23 வினாடிகள் ஆயின!

பத்தாயிரத்திலிருந்து இருபது லட்சத்துக்கு ஏறியபோது அந்த எண்ணுக்கு மதிப்பு இருந்தது. இன்று அது பெரும்பாலும் விளம்பரத்துக்கே உதவுகிறது. முற்றத்தில் மழைநீர் பிடிக்கிறீர்கள். அண்டா வைத்த இடத்தில் இருபது டம்ளர்களை நெருக்கி அடுக்கினால் தண்ணீர் கூடுமா? கூடாது. பரப்புதான் கணக்கு. பெரிய காமிராக்களின் முழுத் தகடு 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம். சட்டைப்பைக் காமிராக்கள் பலவற்றில் அது ஏறத்தாழ 6 மி.மீ., 4.6 மி.மீ. மட்டுமே. பரப்பில் முப்பது மடங்கு வித்தியாசம்! சிறிய தகட்டில் கட்டங்களை நெருக்கினால் மாலை வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். எண்ணைப் பார்த்து ஏமாந்து நான் வாங்கிய முதல் காமிராவில், பாபநாசத்தில் எடுத்த விளக்கொளிப் படங்கள் எல்லாம் மணல் தூவியவை போலவே இருக்கின்றன.

அடுத்தது லென்ஸ். நூறு மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் உயர நாரை நிற்கிறது. தகட்டில் அதன் பிம்பம் எவ்வளவு? குவியத் தூரத்தில் நூறில் ஒரு பங்கு. போன் லென்ஸின் குவியத் தூரம் 5 மி.மீ. என்று கொண்டால் பிம்பம் 0.05 மி.மீ.; ஒரு தலைமுடியின் தடிமன்தான்! இதை எத்தனை கட்டங்களாக நறுக்கினாலும் நாரையின் கண் தெரியப்போவதில்லை. "டிஜிட்டல் ஜூம்" என்பது படத்தின் ஓரங்களைக் கத்தரிப்பதே, அதை நம்பாதீர்கள். குவியத் தூரம் 200 மி.மீ. வரை நீளும் லென்ஸில் அதே நாரை 2 மி.மீ. உயரம் இருக்கும்.

இப்போது வகைகளுக்கு வருவோம். வீட்டுப் படங்களுக்குப் போனே போதும்; சட்டைப்பைக் காமிரா தனியாக வேண்டியதில்லை. லென்ஸைக் கழற்றி மாற்றும் காமிராக்கள் இரு வகை. ஒன்றில் உள்ளே ஒரு கண்ணாடி லென்ஸ் வழி வரும் ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிடும். பொத்தானை அழுத்தியதும் மேலே எழும்பி வழிவிடும். மற்றதில் கண்ணாடியே இல்லை. தகட்டில் விழுவதைச் சிறு திரையில் காட்டும். எடை குறைவு, மின்கலம் சீக்கிரம் தீரும். புதிய மாடல்கள் பெரும்பாலும் இவைதாம். அதனால் கண்ணாடி வைத்தவை பழைய விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் பறவைக்கான நீண்ட லென்ஸ் காமிராவைவிட அதிக விலை இருக்கும். இதைக் கடையில் முதலில் சொல்லமாட்டார்கள்.

லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் கொண்ட காமிரா மற்றொரு வகை. தகடு சிறியதே, இருட்டில் திணறும். ஆனால் பகல் வெளிச்சத்தில் அணைக்கரையில் நின்று பறவையின் இனத்தை அடையாளம் காண இது போதும். அந்த மாணவிக்கு நான் சொன்னது இதைத்தான். அதுவும் ஒருமுறை கைமாறியதாக. மிச்சப் பணத்தில் ஒரு இருகண் நோக்கி வாங்கலாம். அவள் முகம் கொஞ்சம் வாடியது. பெரிய காமிரா கழுத்தில் தொங்கினால் வரும் பெருமை இதில் இல்லையே!

வாங்கும் நாளில் உங்கள் நினைவக அட்டையை எடுத்துச் செல்லுங்கள். கடையின் இருண்ட மூலையை ஒரு படம், வாசலில் நின்று எதிர்த்தெருப் பலகையை முழு ஜூமில் ஒரு படம் எடுங்கள். வீட்டுக்கு வந்து கணிப்பொறியில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம். கடைக்காரர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அடுத்த கடை இருக்கிறது.