மணல் பூமிக்கு வந்த ரட்சகன்

இரண்டே முக்கால் மணி நேரம் கொட்டகையில் உட்கார்ந்து ‘டூன்: பாகம் இரண்டு’ என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தேன். முதல் பாகத்தை நான் பார்த்ததில்லை. பிராங்க் ஹெர்பர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1965-ல் வெளியிட்ட மூல நாவலையும் படித்ததில்லை. விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில் மோகம் கொண்டவனும் அல்ல. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போன சாதாரண ஆள். சாதாரண ஆளுக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

படம் கண்ணைப் பறிக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மலை போன்ற மணல் புழு தரையைப் பிளந்துகொண்டு வருகிறது; அதன் முதுகில் மனிதர்கள் ஏறிச் சவாரி செய்கிறார்கள். ஒலிக்கும் காட்சி நுட்பத்துக்கும் 2025-ல் இரண்டு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. தகுதியான பரிசுகள்தான். இரவு பகலாக உட்கார்ந்து அந்த மணலையும் புழுவையும் உருவாக்கிய உழைப்பாளிகளின் கைத்திறனுக்கு நம் வணக்கம். நமது சண்டை அவர்களோடு அல்ல. படம் சொல்கிற கதையோடு.

கதை என்ன?

அர்ராக்கிஸ் என்றொரு கிரகம். எங்கு பார்த்தாலும் மணல். அந்த மணலில் ‘ஸ்பைஸ்’ என்ற பொருள் கிடைக்கிறது. அது இல்லாமல் வானக் கப்பல் ஒரு கிரகத்திலிருந்து இன்னொரு கிரகத்துக்குப் போக முடியாது. எனவே சக்கரவர்த்திக்கும் பிரபு வம்சங்களுக்கும் அந்த மணல்மீது தீராத ஆசை. ஹார்கொன்னன் என்ற வம்சம் கிரகத்தைச் சூறையாடுகிறது. அந்த மண்ணின் மக்களான ஃபிரெமென்கள் குகைகளில் ஒளிந்து வாழ்கிறார்கள். ஒரு சொட்டு நீரையும் வீணாக்காதவர்கள். செத்தவன் உடம்பிலிருக்கும் நீரையும் சேர்த்து வைக்கிறார்கள். என்றைக்காவது ஒருநாள் இந்தப் பாலை பச்சைப் பசேலென்று ஆகும் என்பது அவர்கள் கனவு.

வயலில் வேலை செய்கிறவனுக்கு இந்தக் கனவை விளக்க வேண்டுமா? மடை திறக்குமா என்று காத்து நின்றவனுக்கு அது தெரியும்.

இந்த ஜனங்களிடம் வந்து சேருகிறான் பால் அட்ரெய்டிஸ் என்ற இளவரசன். சக்கரவர்த்தியும் ஹார்கொன்னன்களும் சேர்ந்து அவனுடைய தகப்பனைக் கொன்றுவிட்டார்கள். வெளியிலிருந்து ஒரு ரட்சகன் வருவான் என்று ஃபிரெமென்களிடையே ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை எப்படி வந்தது? அதிகாரத்தில் இருப்பவர்களோடு ஒட்டி உறவாடும் ஒரு சந்நியாசினி சபை தலைமுறை தலைமுறையாக விதைத்து வைத்தது! இளவரசனுடைய தாய் அந்தச் சபையைச் சேர்ந்தவள். பலவீனமானவர்களாகப் பார்த்து முதலில் வளைத்துப் போடுகிறாள்.

“நான் ரட்சகன் அல்ல” என்கிறான் இளவரசன். “ஆகா, என்ன அடக்கம்! இவர்தான் ரட்சகர்!” என்று கொண்டாடுகிறார் ஃபிரெமென்களின் முதிய தலைவர். கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் அந்த முதியவரையும் அவருடைய ஜனங்களையும் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பங்காளிச் சண்டை

முடிவில் நடப்பது என்ன? ஆயிரமாயிரம் ஃபிரெமென்கள் புழுக்கள்மீது பாய்ந்து வந்து சக்கரவர்த்தியின் படையை நொறுக்குகிறார்கள். உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் ராஜ்யம் யாருக்கு என்பது அவர்களால் முடிவாகவில்லை. இளவரசனும் ஹார்கொன்னன் வாரிசும் கத்தி எடுத்துத் தனியாக மோதித் தீர்த்துக்கொள்கிறார்கள். இதற்குள் இன்னொரு ரகசியமும் வெளிப்பட்டிருக்கிறது: இளவரசன், கொடுங்கோலன் ஹார்கொன்னனின் சொந்தப் பேரன்! மக்களைக் கொன்று குவித்தவனின் பேரன்தான் மக்களின் ரட்சகன்! இரண்டு பண்ணையார்களின் பங்காளிச் சண்டையில் பண்ணையாள் மண்டை உடைந்த கதைதான் இது.

வென்றவன் சக்கரவர்த்தியின் மகளை மனைவியாகக் கேட்டு வாங்குகிறான். மற்ற பிரபு வம்சங்கள் அவனை ஏற்க மறுக்கின்றன. உடனே ஃபிரெமென்களைக் கப்பலேற்றி யுத்தத்துக்கு அனுப்புகிறான். பாலையைப் பச்சையாக்கக் கனவு கண்ட ஜனங்கள், முகம் தெரியாத கிரகங்களின் ஜனங்களை வெட்டப் புறப்படுகிறார்கள். பச்சைப் புல் ஒன்றுகூட முளைக்கவில்லை.

படத்தில் இன்னொரு காட்சி. மணலிலிருந்து ஸ்பைஸை அள்ளும் ராட்சத இயந்திரத்தைத் தாக்கி எரிக்கிறார்கள். அந்த இயந்திரத்தில் வேலை செய்தவன் யார்? அவன் கூலி என்ன? அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா? அண்டசராசரமே ஸ்பைஸால்தான் ஓடுகிறது என்று சொல்லும் படம், அதை அள்ளுகிறவன் முகத்தை ஒரு விநாடிகூடக் காட்டவில்லை.

“எச்சரிக்கை” என்கிறார்கள்

படித்த நண்பர்கள் குறுக்கிடுகிறார்கள். “ஐயா, நீர் படத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டீர். வீரநாயகர்களை நம்பாதே என்பதுதானே இதன் செய்தி? ஹெர்பர்ட் சொன்னது அதுதான். டைரக்டர் டெனி வில்நெவ் சொல்வதும் அதுதான்.”

புரியாமல் இல்லை. சானி என்ற ஃபிரெமென் பெண் படம் முழுவதும் அதைத்தான் சொல்கிறாள். ரட்சகன் வருவான் என்று சொல்லி வைத்தால் ஜனங்கள் நூற்றாண்டுக் கணக்கில் கைகட்டிக் காத்திருப்பார்கள் என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள். படத்தில் உள்ள ஒரே நல்ல மூளை அவளுடையது. ஆனால் அந்த மூளைக்குப் படம் என்ன வழி காட்டுகிறது? எல்லோரும் மண்டியிடும்போது அவள் ஒருத்தி நிற்கிறாள். பிறகு தன்னந்தனியாகப் பாலைவனத்துக்குள் போய்ப் புழுவை அழைக்கிறாள். படம் முடிந்தது!

அவளோடு சேர்ந்து ரட்சகனைக் கேலி செய்த இளம் ஃபிரெமென்களை முன்பாதியில் பார்த்தோம். பின்பாதியில் அவர்கள் குரல் எங்கே போயிற்று? கூட்டம் கூடிப் பேசினார்களா? எதிர்த்து வாக்களித்தார்களா? ஒன்றும் இல்லை. ரட்சகனை நம்புகிற வெறிக்கூட்டம் ஒருபுறம். உண்மை தெரிந்த ஒற்றை மனுஷி மறுபுறம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு: கூடி யோசித்து, கூடி முடிவெடுத்து, கூடி நிற்கிற ஜனங்கள். அதைக் காட்டப் படத்துக்குத் தெரியவில்லை. ரட்சகனை நம்பாதே என்று சொல்லிவிட்டு, ஜனங்களையும் நம்பாதே என்று சொல்லி அனுப்புகிறது. எச்சரிக்கையின் பாதிதான் இது. மறுபாதி வெறும் விரக்தி.

உண்மையான பாலைவனத்தில்

கப்பல் ஓட வேண்டுமானால் அது வேண்டும்; அது கிடைப்பதோ பாலைவனத்தில். ஸ்பைஸ் என்பது எண்ணெய்தான் என்று யாருக்கும் விளங்கும். படம் பிடித்த இடங்களில் ஜோர்டானும் அபுதாபியும் உண்டு.

அந்த உண்மையான எண்ணெய் பூமியில் நடந்ததைக் கேளுங்கள். 1978-ன் பிற்பகுதியில் ஈரானின் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஷா மன்னன் ராணுவ ஆட்சியை ஏவினான். துப்பாக்கியைக் காட்டி வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். டிசம்பரில் மறுபடியும் கையை மடக்கிக்கொண்டார்கள் தொழிலாளர்கள். 1979 ஜனவரி 16 அன்று ஷா நாட்டைவிட்டு ஓடினான். புழுவும் இல்லை, மந்திரக் கத்தியும் இல்லை. எண்ணெயை எடுக்கும் கை நின்றது, சிங்காசனம் ஆடியது.

அதன் பிறகு? வெற்றியின் கனி மதத் தலைவர்கள் கைக்குப் போயிற்று. தொழிலாளர்கள் ஆலைகளில் அமைத்த கவுன்சில்கள் நசுக்கப்பட்டன. ரட்சகனின் ஆபத்து கற்பனை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஜனங்களின் பலமும் கற்பனை அல்லவே! அந்தப் பலத்தை மறைத்துவிட்டு ஆபத்தை மட்டும் காட்டுவது யாருக்கு லாபம்?

படம் ஏன் தாமதமாக வந்தது?

இனி எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை. இந்தப் படம் 2023 நவம்பர் 3 அன்று வந்திருக்க வேண்டியது. வந்ததோ 2024 மார்ச் 1-ல். ஏன்? ஹாலிவுட்டில் வேலைநிறுத்தம்!

2023 மே 2 அன்று சுமார் 11,500 சினிமா, டெலிவிஷன் எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஜூலை 14 அன்று சுமார் 1,60,000 பேர் கொண்ட நடிகர் சங்கமும் இறங்கியது. 1960-க்குப் பிறகு இரு சங்கங்களும் ஒரே நேரத்தில் நின்றது அப்போதுதான். எல்லாம் கோடீஸ்வர நடிகர்கள் என்று நினைக்க வேண்டாம். சங்கத்தின் மருத்துவக் காப்பீடு கிடைக்க 2023-ல் வருஷத்துக்கு 26,470 டாலர் சம்பாதிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் அதையே எட்டாதவர்கள்.

துணை நடிகனின் உருவத்தை ஒருநாள் கூலிக்கு இயந்திரத்தில் பதிந்துகொண்டு, காலமெல்லாம் உபயோகிக்கப் பார்க்கிறார்கள் என்று சங்கம் குற்றம் சாட்டியது. முதலாளிகள் மறுத்தார்கள். ஆனால் சங்கத்தாருக்கு வீடு பறிபோகும் வரை இழுத்தடிப்பதே திட்டம் என்று பெயர் சொல்லாத ஒரு ஸ்டூடியோ அதிகாரி பேசியது ஜூலையில் பத்திரிகையிலேயே வந்தது.

வீடு பறிபோகும் என்ற மிரட்டலுக்கு அவர்கள் மசியவில்லை. எழுத்தாளர்கள் 148 நாள். நடிகர்கள் 118 நாள். ஒப்பந்தத்தில் கம்பெனிகள் இறங்கி வந்தன. செயற்கை அறிவு இயந்திரத்தை எழுத்தாளன்மீது கட்டாயமாகத் திணிக்க முடியாது. நடிகனின் சம்மதமும் கூலியும் இல்லாமல் அவன் உருவத்தை நகலெடுக்க முடியாது. கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. நடிகர்கள் வாக்கெடுத்தபோது 78 சதவீதம் பேர் ஏற்றார்கள். மற்றவர்கள் போதாது என்றார்கள். போதாது என்றவனை யாரும் பாலைவனத்துக்கு விரட்டவில்லை. அவனும் சங்கத்தில்தான் இருக்கிறான்.

19 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலகமெங்கும் 71 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ரட்சகன் இல்லாமல் ஜனங்கள் இல்லை என்று கதை சொன்ன அந்தப் படம், ரட்சகன் யாரும் இல்லாமல் கைகோத்து நின்ற ஜனங்களுக்காக நாலு மாதம் வாசலில் காத்துக் கிடந்தது!

மூன்றாம் பாகமும் உண்டு என்கிறார்கள். வரட்டும், பார்ப்போம். மணலில் தனியாக நின்ற அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அவள் சொன்னது சரி. அவள் தனியாகப் போனதுதான் தப்பு.