இல்லத்து நீரூற்று: உயரமா, ஓசையா?

மனை கட்டி வாழத் தொடங்கிய மனிதன், நிழலுக்கு மரத்தையும் மணத்திற்கு மலரையும் நாடியது போலவே, கண்ணும் செவியும் குளிர நீரையும் தன் அருகில் வைத்துக்கொள்ள விழைந்தான். பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பெயரைப் புறநானூற்றில் கண்ட தமிழ் மாணவர், இலவந்திகை என்பதற்கு எந்திர வாவியைச் சூழ்ந்த சோலை என்று பொருள் கூறப்படுவதையும் அறிவர். ஆதலின் தோட்டத்து நீர்ப்பொறி நமக்கு அந்நியமான ஆசையன்று. அன்று அரசர்க்கே வாய்த்த அது, இன்று நடுத்தரக் குடும்பத்தின் கைக்கும் எட்டுவதாயிற்று. கைக்கு எட்டியதனாலேயே அதனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் நம்மைச் சேர்ந்ததாகிறது.

புதுமனை கட்டுவோர் பலர் நீரூற்றைத் தெரிவு செய்யும் முறை வியப்பளிக்கிறது. எத்தனை அடி உயரம் பீய்ச்சும், எத்தனை வண்ண விளக்குகள் எரியும், வாயிலில் வருவோர் கண்ணில் முதலில் படுமா என்பனவே அவர்தம் வினாக்கள். நீர் எங்கிருந்து வரும், எவ்வளவு செலவாகும், அதனருகே அமர்ந்து இளைப்பாறுவோர் யாவர் என்று வினவுவோர் சிலரே. இல்லத்து நீரூற்றை உயரத்தால் அளத்தல் தவறு. அதன் ஓசையாலும் சிக்கனத்தாலுமே அதனை அளத்தல் வேண்டும் என்பது என் துணிபு. இதற்கு வரலாறே சான்று பகரும்.

பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயி வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான நீர்த்தாரைகளை அமைத்தார். அவற்றுக்கு நீர் வழங்குவதற்காக, செயின் ஆற்றில் 14 பெருஞ்சக்கரங்கள் கொண்ட மார்லி எந்திரம் 1684இல் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னரும் எல்லா ஊற்றுகளையும் ஒருங்கே நாள் முழுதும் இயக்க நீர் போதவில்லை. மன்னர் நெருங்கும்போது பணியாளர் சீழ்க்கையடித்து அடுத்த ஊற்றைத் திறப்பர். அவர் கடந்ததும் மூடிவிடுவர். ஒருவர் கண்ணுக்காக மட்டும் பாய்ந்த நீர் அது.

இதற்கு மாறான காட்சியை ஸ்பெயின் நாட்டுக் கிரனடாவில் காண்கிறோம். அல்ஹம்ரா கோட்டையின் பணியை 1238இல் தொடங்கிய முதலாம் முஹம்மது, தர்ரோ ஆற்றிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியே நீரைக் குன்றின்மேல் கொணர்ந்தார். எந்திர வலிமையன்று, நில மட்டத்தின் இயல்பான சரிவே அந்நீரை நடத்தியது. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐந்தாம் முஹம்மது எழுப்பிய சிங்க முற்றத்தில் 12 பளிங்குச் சிங்கங்கள் நீர்க்கலத்தைச் சுமந்து நிற்கின்றன. பக்கத்து மண்டபங்களின் தரையிலேயே பதிந்த தாழ்ந்த வட்டக் கிண்ணங்களில் நீர் சுரந்து, மெல்லிய வாய்க்கால்களில் நடுமுற்றம் நோக்கி ஓடுமாறு அமைத்தனர். அருகிலுள்ள ஜெனரலைஃப் தோட்டத்தில் இன்று வளைவாகப் பாயும் நீர்த்தாரைகளைப் படங்களில் காண்போர், அவையே பழைய அமைப்பு என மயங்குவர். அவை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. முன்னோர் அங்கு விரும்பியது வாய்க்காலின் அமைதியான ஓட்டமே.

அரண்மனை நமக்கு எதற்கு எனலாம். அந்நாட்டுக் கொர்தோபா நகரில் எளிய மக்களின் வீட்டு முற்றங்களிலும் பூந்தொட்டிகளுக்கு நடுவே சிறு ஊற்றோ கிணறோ இருப்பதைக் காணலாம். அம்முற்றங்களின் விழாவை யுனெஸ்கோ 2012இல் மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் ஊர் அது. வெப்பத்தில் நம் ஊர்களுக்குச் சற்றும் இளைத்ததன்று. நிழலும் சிறிது நீரும் கூடினால் முற்றம் குளிரும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். பள்ளிவாசல் ஹவுளின் அருகே நண்பகலில் அமர்ந்தவர்க்கும் இது புதிய செய்தியன்று.

அவ்வாறாயின் நாம் எவ்வாறு திட்டமிடுவது? முதலில், நாம் வழக்கமாக அமரும் திண்ணையோ சாளரமோ எதுவென்று கண்டு, ஓசை செவியில் விழும் தொலைவில் இடம் தெரிவு செய்க. சருகு உதிரும் மரத்தடியையும் காற்று மோதும் மூலையையும் தவிர்க்க. இரண்டாவதாக, தாரையின் உயரத்தைப் போல் இருமடங்கேனும் தொட்டியின் அகலம் இருத்தல் வேண்டும். 2 அடி எழும் நீருக்கு 4 அடி அகலம். இன்றேல் நீர் வெளியே சிதறி வீணாகும். மூன்றாவதாக, அதே நீரையே மீண்டும் சுற்றிவரச் செய்யும், நீருள் அமிழும் சிறு மோட்டாரே போதும். 20 வாட் மோட்டார் நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால், மாதம் 3 யூனிட் மின்சாரமே செலவாகும். நீரும் மின்சாரமும் சேருமிடம் ஆதலால், மின்கசிவு நேர்ந்த நொடியே இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தாமல் விடலாகாது.

சுற்றிவரும் நீரும் குறையவே செய்யும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆவியானால் ஒரு லிட்டர் போயிற்று. 4 அடி அகல வட்டத் தொட்டியில் கோடை நாளொன்றில் 6 மில்லிமீட்டர் குறைந்தால் ஏறத்தாழ 7 லிட்டர், அதாவது அரைக்குடம் நீர். தொட்டி பெருகப் பெருக இக்கணக்கும் பெருகும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் லாரிக்காகக் காத்து நின்றதை மறந்துவிடலாகாது. அண்டை வீட்டார் குடத்துடன் நிற்கையில் நம் வாயிலில் ஆளுயரத் தாரை துள்ளுமாயின், அது அழகாகுமா? தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பை முறையாகச் செய்து, கூரை நீரால் தொட்டியை நிரப்புவோர்க்கே நீரூற்று வைக்கும் தகுதி உண்டு என்பேன். பஞ்சக் காலத்தில் அதனை நிறுத்திவிடும் மனமும் அவர்க்கு வேண்டும்.

நிறுத்தினால் நீரைத் தேங்க விடலாகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரையே நாடும். அதன் முட்டை ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். ஆதலின் வாரந்தோறும் தொட்டியை வடித்து, சுவரையும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். வடித்த நீர் செடிகளுக்கு ஆகும். இத்தொல்லையை ஏற்க இயலாதோர், பறவைகள் பருக ஒரு மண்தட்டில் நாள்தோறும் புதுநீர் வைப்பின் அதுவே போதுமான அணியாகும்.

நீரைச் சிறிதளவே வைத்துப் பேரின்பம் காணுதல் வறுமையின் அடையாளமன்று. நாகரிகத்தின் முதிர்ச்சி அது. நாளை வீடு கட்டப்போகும் மாணவச் செல்வங்கள், கட்டடக் கலைஞரிடம் ஊற்றின் உயரத்தைச் சொல்லுமுன், தம் கிணற்றின் ஆழத்தையும் தெருக்குழாயின் நிலையையும் எண்ணிப் பார்ப்பார்களாக.