அரசுப் பள்ளிக்கு நன்கொடை தரப்போறீங்களா? முதலில் மைசூருவை வைத்து ஒரு கணக்கு

ஐடி வேலையில் இருப்பவர் என்றால் மைசூரு உங்களுக்குப் புதுசா இருக்காது. ஹெப்பாளில் இருக்கும் இன்ஃபோசிஸ் வளாகத்தில் ட்ரெயினிங் முடித்த நண்பர் ஒருவராவது உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பார். நூலகம், நீச்சல்குளம், விளையாட்டரங்கம் என்று அவர் அனுப்பிய போட்டோக்களும் ஞாபகம் இருக்கும்.

அந்த நகரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் எச்.டி. கோட்டே வந்துவிடும். காட்டை ஒட்டிய தாலுகா அது. அங்கே ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் நூலகத்துக்கு மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டம் ஆண்டுக்கு ஒதுக்குவது அதிகபட்சம் 5,000 ரூபாய்.

இந்த இடைவெளியைக் காட்டித்தான் அறக்கட்டளைகள் நன்கொடை கேட்கின்றன. உங்கள் அலுவலகத்தின் சிஎஸ்ஆர் குழுவும் கேட்டிருக்கலாம். கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பணம் எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும், எதற்குச் செலவாக வேண்டும் என்று முடிவு செய்வது யார்? அதைப் பொறுத்துத்தான் விளைவு இருக்கிறது.

அரசு தருவது எவ்வளவு?

சமக்ர சிக்ஷாவில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கைப்படி கிடைக்கிறது. 30 பேர் வரை இருந்தால் 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் போனால் ஒரு லட்சம்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 25,000 ரூபாய் என்றால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 250 ரூபாய், மாதத்துக்குச் சுமார் 21 ரூபாய். சுண்ணக்கட்டி, பழுதுபார்ப்பு, சுத்தம், இதர செலவு எல்லாம் இதற்குள்தான். விளையாட்டு மானியம் தனி: தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய். அதாவது ஒரு பிள்ளையின் புத்தகத்துக்கு வருடத்துக்கு 50 ரூபாய், விளையாட்டுக்கு 50 ரூபாய். அவ்ளோதான்.

ஆசிரியர் சம்பளம், பாடநூல், சத்துணவு ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை. அவற்றுக்கு அரசு தனியாகச் செலவு செய்கிறது. இங்கே நாம் பேசுவது பாடத்துக்கு அப்பால் உள்ளவற்றை: கதைப் புத்தகம், அறிவியல் செய்முறை, ஓவியம், பாட்டு, விளையாட்டு.

இது பிள்ளைகளின் உரிமை இல்லையா?

பாதி உரிமை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் நூலகம் வேண்டும் என்கிறது. ஆனால் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர் கட்டாயம் என்பது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கும்தான். அதுவும் மாணவர் எண்ணிக்கை 100ஐத் தாண்டினால் மட்டுமே. 40 பேர் படிக்கும் கிராமத்துப் பள்ளிக்குப் பாட்டு வாத்தியாரோ பி.டி. வாத்தியாரோ வேண்டும் என்று இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. அறக்கட்டளைகள் உள்ளே வரும் வாசல் இதுதான்.

மைசூருவில் என்ன நடக்கிறது?

அந்த வாசல் வழியாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

பொருளாகத் தருபவர்கள் ஒரு வகை. மைசூருவைச் சேர்ந்த கலிசு ஃபவுண்டேஷன் அரசுப் பள்ளிகளில் நூலகம் அமைத்துத் தருவதற்குப் பேர்போனது. கன்னடத்தில் ‘கலிசு’ என்றால் ‘கற்பி’.

ஆட்களை அனுப்புபவர்கள் இரண்டாம் வகை. 1999இல் தொடங்கிய அகஸ்தியா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன் அறிவியல் செய்முறைக் கருவிகளை வேனில் ஏற்றி அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறது. கர்நாடகம் முழுக்க இந்த வேன்கள் பரிச்சயம்.

தனிப்பள்ளியே நடத்துவது மூன்றாம் வகை. 1984இல் மைசூரு மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் தொடங்கிய சுவாமி விவேகானந்தா யூத் மூவ்மென்ட், எச்.டி. கோட்டே பகுதியின் ஹொசஹள்ளியில் பழங்குடிப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்துகிறது. ஜேனு குருபா போன்ற சமூகங்கள் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பகுதி அது. அரசுப் பள்ளி எட்டாத இடத்தில் இப்படி ஒரு பள்ளி தேவைப்பட்டது. ஆனால் இதனால் பக்கத்து அரசுப் பள்ளி தானாக மேம்பட்டுவிடாது. நன்கொடை தரும்போது இந்த வித்தியாசத்தைக் கவனிக்கணும்.

நான்காவது வகை, அரசின் திட்டத்தோடு நேரடியாகக் கைகோர்ப்பது. 2024 ஜூலையில் அசீம் பிரேம்ஜி ஃபவுண்டேஷன் கர்நாடக அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. சத்துணவில் அரசு வாரம் 2 நாள் முட்டை தந்துவந்தது. மீதி 4 நாளுக்கான செலவை அறக்கட்டளை ஏற்றது. 3 ஆண்டுகளுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய். இதில் நகரத்துப் பள்ளி, காட்டோரப் பள்ளி என்ற பாகுபாடு இல்லை. 3 வருஷம் கழித்து யார் தருவார்கள் என்ற கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது.

சரி, இதுல பிரச்சனை எங்கே?

2022 அக்டோபரில் நடந்ததைப் பாருங்க. விருப்பமுள்ள பெற்றோரிடம் மாதம் 100 ரூபாய் நன்கொடை வாங்கலாம் என்று பள்ளி வளர்ச்சி மற்றும் கண்காணிப்புக் குழுக்களுக்குக் கர்நாடகக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. இலவசக் கல்வி தரவேண்டிய அரசே வசூல் செய்கிறதா என்று எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது.

அந்த யோசனை ஏன் வந்தது என்பதும் எண்களிலேயே தெரியும். 100 பிள்ளைகளின் பெற்றோர் மாதம் 100 ரூபாய் தந்தால் வருடத்துக்கு 1,20,000. அரசு மானியத்தைப் போல ஏறக்குறைய 5 மடங்கு! ஆனால் கூலி வேலை செய்யும் பெற்றோர் நிறைந்த பள்ளியில் இந்த எண் பூஜ்யத்தை நெருங்கிவிடும். பணம் புரளும் இடத்தில் நன்கொடை சேரும், தேவை அதிகமுள்ள இடத்தில் சேராது.

கம்பெனிப் பணத்துக்கும் இதே குணம் உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆவது பிரிவின்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதே பிரிவு, நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. விளைவு: தொழில் வளர்ந்த மாநிலங்களுக்கே அதிகம் போகிறது. மகாராஷ்டிரம் தொடர்ந்து முதலிடத்தில் இருப்பது தற்செயல் இல்லை. மாவட்டத்துக்குள்ளும் ஹெப்பாளுக்குப் பக்கத்துப் பள்ளி கண்ணில் படும் அளவுக்கு எச்.டி. கோட்டேயின் பள்ளி படாது.

வேற எங்காவது வழி கண்டுபிடிச்சிருக்காங்களா?

ஓர் ஊர் மக்களின் பணத்தை ஒரே நிதியில் திரட்டி அந்த ஊருக்கே செலவிடும் ‘சமூக அறக்கட்டளை’ என்ற வடிவம் 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்தது. அங்கேயும் வசதியான வட்டாரப் பள்ளிகளுக்கே பணம் குவியும் சிக்கல் வந்தது. அதற்காக ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரப் பள்ளிகள் பல ஆண்டுகள் ஒரு விதியைப் பின்பற்றின. ஒரு பள்ளி திரட்டும் பணத்தில் முதல் 10,000 டாலர் அந்தப் பள்ளிக்கே. அதற்கு மேல் வருவதில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்கு. ஏழை வட்டாரப் பள்ளிகளுக்குப் பங்கு போனது இப்படித்தான்.

நம்ம ஊரிலேயும் பாடம் இருக்கு. 1950களில் காமராஜர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் தங்கள் பள்ளிக்கு நிலமும் பணமும் பொருளும் தந்தார்கள். மதிய உணவுத் திட்டமும் மக்கள் பங்களிப்போடுதான் வளர்ந்தது. பிறகு அதை அரசே முழுதாக எடுத்துக்கொண்டது. நன்கொடை வழி காட்டியது, அரசு அதை நிரந்தரமாக்கியது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் இந்த மரபில் வருவதுதான். அதையும் இதே அளவுகோலால் பார்க்கலாம்.

அப்ப நீங்க என்ன கேட்கணும்?

பணம் அனுப்பும் முன் மூன்றே கேள்விகள்.

1. இந்தப் பள்ளியை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க? ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. அதை வைத்து மாணவர் எண்ணிக்கை, நூலகம், மைதானம் பற்றிய விவரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பக்கத்துப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பாருங்க. நிஜமாகவே இதற்குத்தான் தேவை அதிகமா என்று தெரிந்துவிடும்.

2. பெற்றோர் கேட்டதா, நீங்களாகத் தருவதா? கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அவர்கள் பொறுப்பு. அந்தத் திட்டத்தில் இல்லாத ஸ்மார்ட் போர்டைக் கொண்டுபோய் மாட்டினால், ரிப்பேர் ஆகும் நாளில் அது யாருடையது?

3. நீங்க போன பிறகு என்ன? புத்தகம் வாங்குவது ஒருமுறைச் செலவு. அதை எடுத்துக் கொடுத்து வாசிக்க வைக்க ஆள் வேண்டும். அந்தப் பயிற்சியைப் பள்ளி ஆசிரியருக்கு யார் தருகிறார்கள், எத்தனை வருஷம் கூட வருகிறார்கள் என்று கேளுங்க.

ஒரு நடைமுறைக் குறிப்பு: புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, 80ஜி என்று நமக்குப் பழகிய நன்கொடைக் கழிவு கிடையாது. வரி மிச்சமாகும் என்று நினைத்து மார்ச் மாதம் அவசரமாக அனுப்ப வேண்டியதில்லை. அந்த நேரத்தில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டு, பதில் வந்த பிறகு அனுப்பலாம்.